கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணுக்குக் கரு கலைந்தால்: எந்த ஆஸ்பத்திரி, என்ன சீட்டு, யாரிடம் சம்பளம்?

கேள்வி: ஜீப்ஸ்டாண்ட் மகளிர் குழு, கம்பம்

கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டி பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போய் சாயங்காலம் திரும்புகிறார்கள். வீடும் ரேஷன் கார்டும் பிக்மி நம்பரும் (தமிழ்நாட்டுக் கர்ப்பிணிப் பதிவு எண்) தேனி மாவட்டத்தில் இருக்கின்றன. வேலையும் முதலாளியும் கேரளத்தில். இதில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தாலோ, ஏழு எட்டு மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தாலோ, எந்தப் பக்கத்து அலுவலகமும் அதைத் தன் பொறுப்பாக எடுப்பதில்லை.

காலை பத்து மணிக்குத் தோட்டத்தில் ரத்தம் பட ஆரம்பித்தால் ஸ்டோரில் சாக்கு விரித்துப் படுக்க வைக்கிறார்கள். சாயங்கால ஜீப் வரும்வரை அப்படியே கிடக்க வேண்டியதுதான். மூன்றாம் நாள் மறுபடி வேலைக்கு வரச் சொல்கிறார்கள். வீட்டிலோ "ஜீப்புல குலுங்கிக் குலுங்கிப் போனதாலதான் இப்படி ஆச்சு" என்று பேச்சு.

எங்கள் குழுவில் உள்ளவர்களுக்கு ஒரு நடைமுறை எழுதிக் கொடுக்க நினைக்கிறோம். உடனே எங்கே கொண்டுபோவது, ஆஸ்பத்திரியில் என்ன கேட்டு வாங்குவது, சம்பளத்தோடு லீவு உண்டா, இறந்து பிறந்த குழந்தையை எந்த ஊரில் பதிவது, வீட்டாரிடம் என்ன சொல்வது. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

பதில் 1: ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ், தேனி

சாயங்கால ஜீப்புக்காகக் காத்திருப்பதுதான் இதில் மிக ஆபத்தானது. அதை முதலில் நிறுத்துங்கள்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணியிலும் அதே போல் போனால் அது அவசர நிலை. துணி வைப்பவர்கள் துணியை எண்ண வேண்டும். கண் இருட்டுவது, உடம்பு சில்லிட்டு வியர்ப்பது, எலுமிச்சை அளவுக்கு மேல் கட்டி கட்டியாகப் போவது, இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. இன்னொன்றைத் தனியாக நினைவில் வையுங்கள். ரத்தம் கொஞ்சமாகத்தான் படுகிறது, ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கம் பிடுங்குகிற வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலை சுற்றல் என்றால் கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருக்கலாம். ரத்தம் வயிற்றுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். வெளியே படுவது கம்மி என்பதாலேயே ஏமாந்து போகிறவர்கள் உண்டு.

எந்தப் பக்கம் போவது? கிட்ட இருக்கும் பக்கம். வண்டன்மேடு, புளியமலை சுற்றுவட்டாரத்துக்குக் கட்டப்பனை தாலுகா ஆஸ்பத்திரியும், அதற்கு வடக்கே நெடுங்கண்டம் தாலுகா ஆஸ்பத்திரியும் உண்டு. ரத்தம் கொட்டும்போது மலைப்பாதை இறங்கிக் கம்பம் வர வேண்டியதில்லை. குமுளியை ஒட்டிய தோட்டம் என்றால் கம்பம் அரசு மருத்துவமனைக்கு இறங்கலாம். அங்கிருந்து தேவைப்பட்டால் க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேர் ரோடு. "நாம தமிழ்நாடு, அங்க பார்க்க மாட்டாங்க" என்று தயங்க வேண்டாம். அவசர சிகிச்சைக்கு ரேஷன் கார்டின் ஊர் தடையில்லை. 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம்.

108-ஐக் கூப்பிடும்போது ஒரு விஷயம். எல்லையோரத்தில் உங்கள் போன் எந்த மாநில டவரில் நிற்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் அழைப்பு போகும். எடுத்தவுடன் எந்த மாநிலம், எந்த ஜங்ஷன், எந்த எஸ்டேட் கேட் என்று சொல்லுங்கள். வண்டி வரத் தாமதமானால் கங்காணியின் ஜீப்பிலேயே கிளம்பி, வழியில் ஆம்புலன்ஸை எதிர்கொள்ளலாம். ஆளைப் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். உள்ளே துணி திணிக்கக் கூடாது. சுத்தம் செய்யும் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். வெளியே வந்த சதையைத் தூக்கிப் போடாமல் சுத்தமான கவரில் கொண்டுபோங்கள். முழுசாக வந்துவிட்டதா என்று டாக்டர் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர் கேட்க வேண்டியவை. முதலில் ரத்தப் பிரிவு. ஆர்எச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 12 வாரத்துக்கு மேல் கலைந்திருந்தால் இது தவறவே கூடாது; அதற்கு முன்பு என்றால் டாக்டர் முடிவு செய்வார், ஆனால் கேளுங்கள். தவறவிட்டால் அடுத்த குழந்தையின் ரத்த அணுக்களைத் தாயின் உடம்பே அழிக்கும் நிலை வரலாம்.

அடுத்து, மிச்சம் இருந்தால் எப்படி எடுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். காத்திருந்து பார்ப்பது, மிசோப்ரோஸ்டால் மாத்திரை, எம்விஏ என்கிற கையால் இயக்கும் உறிஞ்சுகுழாய், இந்த மூன்றும் சரியான வழிகள். சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி-யை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. கர்ப்பப்பை உள்சுவரில் காயம் பட வாய்ப்பு அதிகம். எதுவானாலும் வலிக்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். அதே மேஜையில் காப்பர்-டி போடுவதானால் முன்கூட்டியே கேட்டு, அந்தப் பெண் சம்மதித்த பிறகுதான் போட வேண்டும். வலியில் கிடக்கும்போது வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

பிரசவ வார்டில் பச்சைக் குழந்தைகளுக்கு நடுவே படுக்கை கொடுத்தால், பெண்கள் நோய் வார்டுக்கோ ஓரத்துப் படுக்கைக்கோ மாற்றச் சொல்லுங்கள். சிஸ்டரிடம் சொன்னாலே பெரும்பாலும் நடந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் குறைந்துகொண்டே வந்து இரண்டு வாரத்துக்குள் நிற்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, நாற்றமடித்தாலோ, மறுபடி கூடினாலோ உடனே திரும்பப் போங்கள். மூன்று வாரம் கழித்து சிறுநீர் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அப்போதும் இரண்டு கோடு வந்தால் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது, அல்லது வேறு சிக்கல்.

நாலு மாதத்துக்கு மேல் கலைந்தால் மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும். யாரும் முன்கூட்டியே சொல்லாததால் அந்தப் பெண் திடுக்கிட்டுப் போகிறாள். நெஞ்சு கல்லாகி வலிக்கும். பீய்ச்ச வேண்டாம், பீய்ச்சினால் இன்னும் சுரக்கும். தாங்க முடியாத அளவுக்கு இறுகினால் இறுக்கம் குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் வெளியேற்றலாம். அளவான உள்ளாடை, ஈரத்துணி ஒத்தடம், பாராசிட்டமால் போதும். நம் பாட்டிமார் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்களே, அதை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முறையாக ஆராய்ந்து 1988இல் வெளியிட்டிருக்கிறார்கள். பாலை வற்ற வைக்க மாத்திரைக்கு ஈடாக உதவியது என்பது அதன் முடிவு. பூ கிடைக்கிற ஊர்தானே, தாராளமாக வையுங்கள். கேபர்கோலின் மாத்திரையும் டாக்டர் எழுதலாம். ரத்த அழுத்தம் இருந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது பெரிய தவறு. ரத்தம் இழந்த உடம்பு அது. முட்டை, கீரை, ஈரல், சுவரொட்டி, நிறையத் தண்ணீர். ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து மாத்திரையைத் தொடருங்கள். மாத்திரை விழுங்கும் நேரத்தில் டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது.

---

பதில் 2: தோட்டத் தொழிலாளர் சட்ட உதவி, உத்தமபாளையம்

நர்ஸ் அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் டிஸ்சார்ஜ் சீட்டில் நான்கு விவரம் இருக்கிறதா என்று பாருங்கள்: பெயர் ஆதாரில் உள்ளபடி, கரு கலைந்த தேதி, எத்தனையாவது வாரம், டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் முத்திரையும். ஓபி சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பினால், சான்று தனியாக எழுதி வாங்குங்கள். பின்னால் சம்பளம், பதிவு, அடுத்த கர்ப்பத்துக்கான கவனிப்பு மூன்றும் இந்தத் தாளில்தான் நிற்கும். பத்து நாள் கழித்து மலையேறிப் போய் வாங்குவது பெரும்பாடு.

சம்பளத்தோடு லீவு உண்டா என்றால், உண்டு. முன்பிருந்த மகப்பேறு பயன்கள் சட்டம் 1961, 9ஆம் பிரிவு: கருச்சிதைவு ஆன மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. உடம்பு தேறவில்லை என்று டாக்டர் சான்று கொடுத்தால் 10ஆம் பிரிவின்படி இன்னொரு மாதம் வரை. 4ஆம் பிரிவு இன்னும் வலுவானது. அந்த ஆறு வாரத்தில் தெரிந்தே அவரை வேலைக்கு வைப்பதே குற்றம். மூன்றாம் நாள் வரச் சொல்லும் கங்காணியிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1961 சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடைமுறையில் இருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020-லும் இந்த விதிகள் தொடர்கின்றன, பிரிவு எண்கள்தான் வேறு.

"நீ தினக்கூலி, உனக்குக் கிடையாது" என்பார்கள். மஸ்டர் ரோலில் (தினக்கூலி வருகைப் பதிவேட்டில்) உள்ள பெண்களுக்கும் மகப்பேறு பயன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆறு வாரம் என்றால் எத்தனை நாள்? 36 என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமையைக் கழித்து. வாங்காதீர்கள். நம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவருடைய வழக்கு கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி 1977இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மகப்பேறு பயனைக் கணக்கிடும்போது வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்பது அதன் தீர்ப்பு. ஆகவே 42 நாள். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வாங்கிய கூலியின் நாள் சராசரிதான் விகிதம். பேச்சுக்கு, சராசரி 500 ரூபாய் என்றால் 21,000 ரூபாய்.

இன்னொரு கணக்கு பலருக்கும் தெரியாது. 26ஆவது வாரம் முடியும் வரை நடப்பது சட்டப்படி கருச்சிதைவு. அதற்கு மேல் இறந்து பிறந்தால் அது பிரசவம். "குழந்தை" என்பதில் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்று 1961 சட்டமே சொல்கிறது. அப்போது விடுப்பு ஆறு வாரம் அல்ல, 26 வாரம். உயிரோடு இரண்டு குழந்தைகளோ அதற்கு மேலோ இருந்தால் 12 வாரம். ஏழு மாதத்தில் குழந்தையை இழந்தவருக்கு "குழந்தைதான் இல்லையே, எதுக்கு பிரசவ லீவு" என்று ஆறு வாரத்தோடு முடிக்கப் பார்ப்பார்கள். அதனால்தான் வாரக் கணக்கு சீட்டில் துல்லியமாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

விண்ணப்பம் எளிமையாக இருக்கட்டும்: "உங்கள் தோட்டத்தில் இந்தத் தேதி முதல் ஏலக்காய் எடுப்பு வேலை செய்துவருகிறேன். இந்தத் தேதியில் எனக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. மருத்துவச் சான்று நகல் இணைத்துள்ளேன். மறுநாள் முதல் ஆறு வாரம், அதாவது 42 நாள், சம்பளத்துடன் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." மலையாளத்தில் ஒரு பிரதி சேர்த்து, எஸ்டேட் உரிமையாளர் அல்லது மேனேஜர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். கங்காணி கையில் மட்டும் கொடுத்தால் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்காது.

வேலை செய்த நாளுக்கு ஆதாரம் கேட்பார்கள். பிரசவப் பயனுக்கு, எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். வாரக்கூலிச் சீட்டு, கங்காணி நோட்டின் போட்டோ, ஜிபே வரவு, ஜீப் டிரைவரின் ஆள் கணக்கு எல்லாமே ஆதாரம்தான். மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் போட்டோ எடுக்கும் பழக்கத்தைக் குழுவில் இப்போதே ஆரம்பியுங்கள்.

கொடுக்க மறுத்தால் புகார் கேரளத் தொழிலாளர் துறையின் பிளான்டேஷன் இன்ஸ்பெக்டரிடம். வேலை நடந்த இடம் அங்கே என்பதால் தேனியில் மனு கொடுத்து நாளை வீணாக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, கூப்பிட வேண்டிய எண் 15100.

ஆண்டிபட்டி, தேனி பக்கம் மில் வேலை பார்ப்பவர்கள் இஎஸ்ஐ-யில் (தொழிலாளர் அரசு காப்பீட்டில்) இருப்பார்கள். அவர்களுக்கும் கருச்சிதைவுக்கு ஆறு வாரம் உண்டு. சந்தா 70 நாள் கட்டியிருக்க வேண்டும், பணம் இஎஸ்ஐ-யிலிருந்து வரும்.

---

பதில் 3: ஆஷா (கிராம சுகாதாரப்) பணியாளர், வண்டன்மேடு பக்கம்

நான் இந்தப் பக்கத்து விஷயம் சொல்றேன்.

தமிழ்நாட்டு அக்காமார் இங்கே கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ அட்மிட் ஆகி கரு கலைஞ்சா, அந்தத் தகவல் தானாக உங்க ஊர் கிராம சுகாதார நர்சுக்குப் போகும்னு நினைக்காதீங்க. பிக்மியில் அவங்க இன்னும் கர்ப்பிணிதான். தடுப்பூசிக்கு வாங்க, ஸ்கேனுக்கு வாங்கன்னு போன் வந்துகொண்டே இருக்கும். பிரசவத் தேதி நெருங்கும்போது வீட்டுக்கே வந்து விசாரிப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் வாயால் சொல்ல வேண்டிய கொடுமை. குழுவில் யாராவது ஒருத்தர் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரே வாரத்தில் நர்சிடம் போய், கர்ப்பத்தின் முடிவைப் பதியச் சொல்லுங்க. அடுத்த கர்ப்பத்தில் முன்பு இழப்பு உண்டுன்னு அட்டையில் வரவும், கூடுதல் கவனிப்பு கிடைக்கவும் இதுதான் வழி. கர்ப்பிணிகளுக்குப் பணம் தரும் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்திலும் கரு கலைந்தவரை அடுத்த கர்ப்பத்தில் புதுப் பயனாளியாகத்தான் எடுக்கணும். போன கர்ப்பத்தில் வாங்கிய பணத்தை இதில் கழிக்கிறோம்னு யாராவது சொன்னால் கேள்வி கேளுங்க.

பதிவு. 28 வாரமும் அதற்கு மேலும் ஆகி இறந்து பிறந்தால் சட்டப்படி பதியணும், 21 நாளுக்குள். எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் பஞ்சாயத்திலோ நகரசபையிலோதான். கட்டப்பனை ஆஸ்பத்திரியில் நடந்தால் கட்டப்பனையில், கம்பத்தில் பதிய முடியாது. ஆஸ்பத்திரியில் நடந்ததை ஆஸ்பத்திரியே 3ஆம் எண் படிவத்தில் அறிவிக்கணும். அப்பா அம்மா பெயரும் முகவரியும் எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்க. மலையாளத்தில் எழுதும்போது தமிழ்ப் பெயர் மாறிப்போகும், பிறகு திருத்த அலையணும். குழந்தை ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாலும் அது உயிருள்ள பிறப்பு. அப்போ பிறப்பும் இறப்பும் ரெண்டும் பதியணும்.

வக்கீல் சார் சொன்ன 26 வாரமும் இந்த 28 வாரமும் வேற வேற சட்டம். நடுவில் உள்ள ரெண்டு வாரத்தில் நடந்தால் பதிவு இருக்காது, ஆனால் பிரசவ லீவு உண்டு. அங்கே ஆஸ்பத்திரி சான்று மட்டும்தான் கையில் இருக்கும்.

குழந்தையின் உடல். உயிர்பிழைக்கும் அளவுக்கு வளராத கரு 2016ஆம் வருஷ மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் பையில் போய்விடும். வீட்டார் தாங்களே அடக்கம் செய்ய விரும்பினால் லேபர் ரூமில் இருக்கும்போதே சொல்லிடணும். பை போன பிறகு கேட்டுப் பயனில்லை. வளர்ந்த குழந்தை என்றால் குடும்பத்திடம் ஒப்படைக்கும்போது ஆஸ்பத்திரி கடிதம் எழுதி வாங்கிக்கோங்க. செக்போஸ்டில் விசாரித்தால் அந்தத் தாளைக் காட்டலாம். துணிப்பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோகும் நிலைக்குக் குடும்பத்தை விடாதீங்க. ஜீப் ஏற்பாடு குழுவின் பொறுப்பாக இருக்கட்டும்.

---

பதில் 4: மனநல ஆலோசகர், போடி

வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த ஜீப் பேச்சை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. கரு உருவான நாளிலேயே நடந்துவிட்ட ஒன்று. ஜீப் குலுங்கியதோ, மாடிப்படி ஏறியதோ, பப்பாளி ஒரு துண்டு தின்றதோ காரணமில்லை. "ஜீப்பால ஆச்சு" என்று ஆரம்பிக்கும் பேச்சு "நீ ஏன் வேலைக்குப் போனே" என்று அவள் தலையில்தான் போய் முடிகிறது. மாமியார் எதிரிலேயே டாக்டரோ நர்சோ "இவ மேல தப்பில்ல" என்று ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். தனியாக அவளிடம் சொல்வது போதாது.

ஆனால் ஆறாம் மாதத்துக்கு மேல் நடப்பது வேறு. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, சிபிலிஸ், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, இவற்றில் பல முறையான பரிசோதனையில் முன்பே தெரிந்திருக்கக் கூடியவை. அந்தப் பரிசோதனைக்கு வர ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்பதுதான் இந்தப் பெண்களுக்கும் டவுனில் இருப்பவர்களுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே பிற்பாடு நடந்த இழப்பில் "விதி" என்று விட்டுவிடாமல் காரணம் கேளுங்கள். குழந்தையின் எடை, நஞ்சுக்கொடி எப்படி இருந்தது, தாயின் ரத்த அழுத்தம், சர்க்கரை, விடிஆர்எல் என்கிற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை முடிவு, இவை கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். அடுத்த முறை காப்பாற்றப் போவது இந்தக் குறிப்புகள்தான். இரண்டு மூன்று முறை தொடர்ந்து கலைந்தவருக்குத் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை, கர்ப்பப்பை அமைப்பு எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இறந்து பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டாமலே எடுத்துப் போய்விடுவது நம் பக்கத்து வழக்கம். பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் பல பெண்கள் பின்னால் இதற்காகவே வருந்துகிறார்கள். அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை மட்டும் கேளுங்கள். பார்க்க விரும்பினால் துடைத்து, துணி சுற்றி, முகம் தெரியக் கையில் கொடுங்கள். தோல் எப்படி இருக்கும், நிறம் எப்படி மாறியிருக்கும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். அப்பாவையும் கூப்பிடுங்கள். அலுவலகத்து ஸ்டாம்ப் பேடில் பாதத்தை ஒற்றி ஒரு தாளில் வைத்துக்கொள்ளலாம். போட்டோ எடுத்தால் அவள் போனில் மட்டும்.

"அடுத்தது சீக்கிரம் வரும்", "நல்லதுக்குன்னு நினைச்சுக்க", "இன்னொன்னுதான் இருக்கே", இந்த மூன்றையும் குழுவில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "கேட்டதும் மனசு கேக்கல, சோறு கொண்டாந்திருக்கேன்" என்றால் போதும். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மூத்த குழந்தையிடம் "பாப்பா தூங்குது", "ஊருக்குப் போயிருச்சு" என்று சொன்னால் அது தூங்கவே பயப்படும். இறந்துவிட்டது என்று நேராகச் சொல்லுங்கள்.

முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். இரண்டாம் வாரத்திலிருந்துதான் அவள் தனியாக இருப்பாள். அதனால் முறை வைத்து, ஆறு வாரம் முடியும் வரை வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒருவர் போய்ப் பாருங்கள். சமுதாய வளைகாப்பு வந்தால் அவளைக் கேட்காமல் ஒதுக்கவும் வேண்டாம், இழுத்துப் போகவும் வேண்டாம். மறுபடி வேலைக்கு ஏறும் முதல் நாள் ஜீப்பில் யாரும் விசாரிக்காமல் இருக்கக் கங்காணியிடமும் டிரைவரிடமும் முந்தின நாளே சொல்லி வையுங்கள். கணவனையும் யாராவது ஒரு ஆண் போய்ப் பார்க்க வேண்டும். அவன் துக்கத்தை யாரும் கேட்பதில்லை, பலர் அதைக் குடியில் கரைக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை, எதிலும் ஒட்டவில்லை, செத்துப் போகலாம் என்கிறாள் என்றால் அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கடைசியாகச் சொன்னது இருந்தால் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்கள் வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பழி சொல்லி அடி உதை என்று போனால் பெண்கள் உதவி எண் 181.

கலைந்த இரண்டு வாரத்திலேயே மறுபடி கரு உண்டாகும் வாய்ப்பு இருக்கிறது. எப்போது அடுத்தது என்பதை அவளும் கணவனும் தீர்மானிக்கட்டும், அதுவரை தடுப்புமுறை தேவை என்பதை நர்ஸ் இருவரிடமும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

---

ஜீப்ஸ்டாண்ட் மகளிர் குழு, கம்பம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். எங்களில் பாதிப் பேர் போவது சின்னத் தோட்டங்களுக்கு, மஸ்டரே கிடையாது. அவர்களுக்கு என்ன வழி? இன்னொன்று, பூச்சிமருந்து அடித்த மறுநாளே அதே செடியில் காய் எடுக்க விடுகிறார்கள். இதுவும் காரணமா? கலெக்டரிடம் மனு கொடுப்பதானால் எதைக் கேட்பது?

---

பதில்: தோட்டத் தொழிலாளர் சட்ட உதவி, உத்தமபாளையம்

சட்டத்தில் தோட்டம் என்பது 5 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கர் சொச்சத்துக்கு மேல். அதற்குக் கீழே இருந்தால் இந்த விதிகளைக் காட்டிச் சம்பளம் கேட்பது கடினம். ஒரே முதலாளியின் நிலத்தைத் துண்டு துண்டாகக் காட்டினால், கணக்கும் மேனேஜரும் ஒன்றுதானா என்று பார்த்து எழுதி வையுங்கள். உண்மையிலேயே சின்னத் தோட்டம் என்றால் சீசன் தொடங்குமுன் கங்காணியிடம் ஜீப் வாரியாகப் பேசி முடிப்பதுதான் வழி: ரத்தம் பட்டால் அந்த நிமிடமே வண்டி, அன்றைய கூலி முழுசாக, ஆறு வாரம் கழித்து வந்தால் அதே இடம். எடுப்பு சீசனில் ஆள் தட்டுப்பாடு இருக்கும்போது பேசினால் ஒத்துக்கொள்வார்கள். சீசன் முடிந்த பிறகு பேச்சு எடுபடாது.

மனுவில் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். 2018-20 கணக்கில் லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. இரண்டு மாநிலமும் நாட்டின் சராசரியைவிட நல்ல நிலைதான். ஆனால் இந்த எண்ணில் உயிரோடு தப்பிய பெண்ணின் இழப்பு எதுவும் வராது. ஐந்தாம் மாதத்தில் கலைந்தது பிறப்பு இறப்புப் பதிவேட்டிலும் ஏறாது. ஆகவே இடுக்கி ஆஸ்பத்திரிகளில் அட்மிட் ஆகும் தேனிப் பெண்களின் விவரம் வாரம் ஒருமுறை தேனி சுகாதாரத் துறைக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். ஜீப் திரும்பிய பிறகு, மாலை 5 முதல் 7 வரை, கம்பத்தில் கர்ப்பிணிப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். தேனி ஆட்சியரிடம் திங்கள் குறைதீர் நாளில் கொடுத்து, கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் மே 1 கிராம சபையிலும் தீர்மானமாகப் போடுங்கள். தீர்மான நகல் இல்லாத மனுவுக்கு வலு குறைவு.

பதில்: ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ், தேனி

பூச்சிமருந்து பற்றி. ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்குக் கரு கலைந்ததற்கு அந்த மருந்துதான் காரணம் என்று எந்த டாக்டராலும் எழுதித் தர முடியாது. அதனால் அதை வைத்து நஷ்டஈடு கேட்கப் போனால் முழு மனுவும் தள்ளுபடியாகும். ஆனால் கர்ப்பிணியை மருந்து கலக்கவும் அடிக்கவும், அடித்த செடியில் உடனே இறங்கவும் விடக் கூடாது என்று கேட்பதற்கு நிரூபணம் தேவையில்லை. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று டப்பா லேபிளில் போட்டிருப்பதைப் போட்டோ எடுத்து மேனேஜரிடம் காட்டுங்கள். காய் எடுத்த கையோடு சாப்பிட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வேலைச் சேலையை வீட்டில் தனியாகத் துவையுங்கள்.

மாலை நேரப் பரிசோதனை வரும்வரை மாதத்தின் 9ஆம் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷித் மாத்ருத்வ திட்டத்தில் 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனையில் டாக்டரே கர்ப்பிணிகளைப் பார்க்கிறார், இரண்டு மாநிலத்திலும். அன்றைக்கு மட்டும் கர்ப்பிணிகளை ஏற்ற வேண்டாம் என்று ஜீப்காரர்களிடம் சொல்லி வைத்தால், பரிசோதனை தவறிப்போவது பெருமளவு நிற்கும்.

குழுவில் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனையாவது வாரம், எந்தத் தோட்டப் பகுதி, ரத்தம் பட்டதிலிருந்து ஆஸ்பத்திரி சேர எவ்வளவு நேரம், ஆன்டி-டி தேவைப்பட்டதா போட்டார்களா, சீட்டு கிடைத்ததா, எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினார். பெயர் எழுத வேண்டாம், வரிசை எண் போதும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் இதே சிகிச்சை, இதே ரகசியம். நோட்டு ஒருவர் பொறுப்பில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். அதன் எந்தப் பக்கமும் வாட்ஸ்அப் குரூப்பில் போகக் கூடாது.